விரிப்பின் மறுமுனை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கையிடமிருந்து வந்தது. அவளும் இதை எனக்குக் கொடுக்கவில்லை. வாயிலிருந்து நழுவவிட்டாள், நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மொட்டைமாடியில் காய்ந்திருந்த பெரிய படுக்கை விரிப்பை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் பக்கத்து முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன். வழக்கமாக வாங்கிக்கொள்ளும் கைகள் அன்று வாங்கவில்லை. அவள் தன் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் எப்போதும் போலக் கறுப்பு வார் வைத்த கைக்கடிகாரம்.

"என்னடி, மணி பாக்குற? எங்கயாவது போகணுமா?"

"அக்கா, நான்தான் அக்கா."

"எது நீதான்?"

"அட்டையில இருக்கிறது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. விரிப்பின் முனையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துவைத்துக் காயவைத்த விரிப்பு. திட்ட வாயெடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

பிறகு, எழுதட்டுமா என்று நான் கேட்டபோது மூன்று நிபந்தனைகள் போட்டாள். யார் பெயரும் வரக்கூடாது. அவளைத் தியாகி ஆக்கக்கூடாது. அந்தப் பெண்ணைத் தெய்வக் குழந்தை ஆக்கக்கூடாது. முதலாவதைக் காப்பாற்றுவது சுலபம். மற்ற இரண்டுக்கும் என் கை தானாகவே போகும் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அவள் சிரித்தபோது அந்த இருண்ட சலவைக்கூடமே..."

[இங்கே நிறுத்தினேன். தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "யாரு இந்தப் பொண்ணு? அவ சிரிக்கவே மாட்டா அக்கா. முறைப்பா. சிரிச்சான்னா யாரோ எதையோ கீழ போட்டுட்டாங்கன்னு அர்த்தம். அப்புறம், அந்த எடம் இருட்டெல்லாம் இல்ல, டியூப்லைட்டு கண்ணக் கூசும்."]

இரண்டாவது தொடக்கம்:

"மாற்றுத்திறனாளி மாணவர்கள் பள்ளிப் பருவத்திலிருந்து வேலைவாய்ப்பை நோக்கி நகரும் காலகட்டத்தில் எதிர்கொள்ளும் சவால்களில் முதன்மையானது..."

[இதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இப்படித் தொடங்கும் எழுத்தில் மனிதர்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். எனக்கு ஒருத்தி போதும்.]

மூன்றாவது:

"ஓர் இரும்பு வளையத்தில் பதினான்கு அட்டைகள் இருந்தன."

இதை வைத்துக்கொள்கிறேன். அட்டைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதை வைத்திருந்தவளைச் சொல்லிவிட வேண்டும்.

3

அவளுக்கு இருபது வயது. வீட்டில் அப்பா முதற்கொண்டு எல்லாரும் அவளைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வயதிலேயே இடுப்பில் கைவைத்து நின்று, செருப்பைக் கண்ட இடத்தில் விடுகிறவர்களை அதட்டுவாளாம். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள்.

[இந்தத் தகவலை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் குழம்பினேன். முதல் வரியில் வைத்தால் அவள் அது மட்டுமே ஆகிவிடுகிறாள். கடைசியில் வைத்தால் எதையோ ஒளித்துவைத்து வித்தை காட்டியது போலிருக்கிறது. அதனால் செருப்புக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறேன்.]

சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுவாள். நீளமாக எழுதியிருந்தால் படிக்க வராது. படமாக இருந்தால் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே பதிந்துவிடும். உலகத்தில் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான். மரியாதையாகப் பேசவைக்க டீச்சர் ஆறு மாதம் பாடுபட்டதில், துணி உலர்த்தும் இயந்திரத்தை மட்டும் 'நீங்க' என்கிறாள். அது சூடாக இருப்பதால் இருக்கலாம்.

டீச்சர் என்றால் என் தங்கை. இனி கதைக்குள் அவளை டீச்சர் என்றே சொல்கிறேன். தங்கை என்று எழுதினால் அவளுக்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன்.

டீச்சர் வேலைபார்ப்பது ஒரு சிறப்புப் பள்ளியின் கடைசி வகுப்பில். இருபத்தோரு வயது முடிந்தால் பிள்ளைகளைப் பள்ளி அனுப்பிவிட வேண்டும். எங்கே என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். வீடு என்றால் ஒரு சோபா, ஒரு டிவி, சாயங்காலம் யாராவது வருவார்களா என்று பார்க்க ஒரு ஜன்னல். சோபாவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலையைக் கண்டுபிடித்து, அந்த வேலையில் பிள்ளையை நிற்கவைத்துவிட்டு, தான் அங்கிருந்து காணாமல் போய்விட வேண்டும். இதுதான் டீச்சரின் உத்தியோகம்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அந்த வேலையைத் தானே ஒரு வாரம் செய்வாள். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பெரியம்மாவுக்கு இடம் கேட்டபோது, ஒரு வாரம் அங்கே விரிப்பு மடித்துவிட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். பிறகு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு புகைப்படம் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வளையத்தில் கோர்த்தாள். அதுதான் அந்தப் பதினான்கு அட்டைகள். இரண்டு வருடம் பள்ளியின் பயிற்சி அறையில் அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் இருவரும் மடித்தார்கள். அதன்பிறகு வேலையிடத்தில் முதல் நாள் பக்கத்தில் நிற்பாள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வாள்.

நகர்ந்த தூரத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். "இன்று ஒரு கை தூரம்." "இன்று நாலடி. திரும்பிப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை." "இன்று கதவுக்கு வெளியே, அரைமணி." முன்பொரு முறை வேறொரு பிள்ளையின் பக்கங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு, இவளுக்கு யாருடனோ காதல் முறிந்துகொண்டிருக்கிறது என்று பயந்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

4

சலவைக்கூடம் மருத்துவமனையின் பின்பக்கம், தரைத்தளத்தில். ஒருபக்கக் கதவால் அழுக்குத் துணி வரும், மறுபக்கக் கதவால் சுத்தமான துணி போகும். இரண்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் தரையில் மஞ்சள் கோடு. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து விரிப்புகள் சுடச்சுட வந்து தள்ளுவண்டியில் விழும். கறை போகாதது ஒரு தொட்டி, கிழிந்தது ஒரு தொட்டி. மீதியை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். பத்து பத்தாக அடுக்க வேண்டும். மடிப்பு ஓரம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்கென்றே செய்த இடம். முதல் வாரமே அடுக்கு கோணலாக இருந்ததற்காக, பதினெட்டு வருடமாக அங்கே மடிக்கும் அக்காவை அதட்டிவிட்டாள்.

"இது என்ன? இப்படியா வைப்ப?"

மடிப்பு அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "சரிங்க மேடம். மன்னிச்சிக்கங்க மேடம். எங்க மாமியா கூட இப்படிக் கேட்டதில்ல."

சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர், கெட்டவர் இல்லை. ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு டீச்சர் இல்லாமல் அவள் வேலைசெய்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். இல்லாவிட்டால் இல்லை. பள்ளியில் அவளுக்கு இன்னும் நான்கு மாதம்தான் மிச்சம். அதற்குள் இன்னோர் இடம் தேடி, இன்னோர் அட்டைக்கட்டு செய்து, இன்னோர் ஆறு வாரம் கேட்பது நடக்கிற காரியமில்லை. இதை விட்டால் சோபாதான். டீச்சருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியுமா?

"பெரியம்மா நினைத்தாள்: இந்த இடம் எனக்கு..."

[அடித்துவிட்டேன். எனக்கு அவள் மனசுக்குள் போக வழி தெரியவில்லை. தெரியாததால் அங்கே வெகுளித்தனத்தை நிரப்பிவைக்கப் பார்த்தேன். மற்ற பாத்திரங்களுக்குள் மட்டும் வழி தெரிந்தா போனேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டீச்சர் பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன்.]

மற்ற வேலைகளில் பின்னால் நகர்ந்தாலும், அதுவரை விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள் டீச்சர்தான். பிறகு மறுமுனையை மடிப்பு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு முதல்முறையாக ஒரு நாள் முழுக்க வராமல் இருந்தாள். நான்காம் வாரத்து வெள்ளிக்கிழமை அது. "இன்று ஆறு கிலோமீட்டர்" என்று நோட்டில் எழுதினாளாம்.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசரின் போன் வந்தது.

"டீச்சரம்மா, கொஞ்சம் வரமுடியுமா? உங்க பொண்ணு பெட்ஷீட்ட கையில வச்சிக்கிட்டு அப்படியே நிக்குது. முக்கா மணி நேரமாச்சு."

5

டீச்சர் போனபோது பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். விரிப்பின் நான்கு முனைகளும் அவள் கையிலேயே. முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல நின்றாள்.

"நான் கைய நீட்டுறேன் டீச்சர், குடுக்கவே மாட்டேங்குது" என்றார் மடிப்பு அக்கா. "புடிச்சி இழுத்தா பின்னால போகுது. அட்டைய எடுத்து அதுல உங்க கையில இருக்கிற வாட்ச்ச தட்டித் தட்டிக் காட்டுது. மணி கேக்குது பாவம், டீச்சர் எப்ப வருவாங்கன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

டீச்சர் எதிரே போய் நின்று கையை நீட்டினாள். பெரியம்மா உடனே இரண்டு முனைகளைக் கொடுத்தாள். இழுத்தாள், உதறினாள், மடித்தாள், அடுக்கினாள். ஒன்றுமே நடக்காதது போல அடுத்ததை எடுத்தாள்.

மடிப்பு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் டீச்சரைக் கதவுக்கு வெளியே கூப்பிட்டுப்போய்ப் பேசினார்.

"பாசம் தெரியுது டீச்சரம்மா. ஆனா அந்தப் பாசத்த வச்சு நான் என்ன பண்றது? உங்களயும் சேத்தா வேலைக்கு எடுக்கறது? ஆறு வாரம் வரைக்கும் இழுக்க வேணாம். புதன்கிழமை எட்டுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் நீங்க இந்தக் கட்டடத்துக்குள்ளயே இருக்கக்கூடாது. வேலை ஓடிச்சுன்னா சந்தோஷம். மறுபடி நின்னா, கூட்டிட்டுப் போயிடுங்க."

சாயங்காலம் அப்பா வந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், கருவிப் பையோடு நேராக வேலையிலிருந்தே வந்திருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் டீச்சர். நீங்க இல்லாம அவளால ஆகாது. வீட்டுலயே இருக்கட்டும் விடுங்க. எம் பொண்ணுக்கு நான் சோறு போட மாட்டேனா?"

பின்னால் நின்ற பெரியம்மா சொன்னாள்: "சோறு நானே போட்டுப்பேன்."

[இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் முழுக்க அன்பைப் பற்றி எழுதியிருந்தேன். பிரிய மறுக்கும் அன்பு, பேசத் தெரியாத அன்பு, கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டி நேரம் கேட்கும் அன்பு. நன்றாகவே வந்திருந்தது. டீச்சர் படித்துவிட்டு, கிழித்து, நாலாக மடித்து, ஆடும் மேசைக்கால் ஒன்றுக்கு அடியில் வைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். "எல்லாரும் நம்புனதத்தான் நீயும் எழுதியிருக்க. நானும்தான் நம்புனேன். வெக்கமா இருக்கு. ரெண்டு நாள் உள்ளுக்குள்ள சந்தோஷமா கூட இருந்திச்சு அக்கா, நான் இல்லாம அவளால முடியலன்னு." அந்த வரியைத் தியாகியாக்கும் கதையில் வைக்க முடியாது. அதனாலேயே வைத்திருக்கிறேன்.]

6

மொட்டைமாடிக்குத் திரும்புவோம்.

மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு டீச்சர் கீழே ஓடிப்போய் அட்டைக்கட்டின் இன்னொரு பிரதியை எடுத்துவந்து என் முன்னால் விரித்துக் காட்டினாள். நான்காவது அட்டை: "எதிரில் இருப்பவரிடம் இரண்டு முனைகளைக் கொடு." படத்தில் ஒரு பக்கம் பெரியம்மாவின் குட்டையான விரல்கள். மறுபக்கம் நீட்டிய இரண்டு கைகள். இடது மணிக்கட்டில் கறுப்பு வார்.

ஏழாவது அட்டையிலும் அதே கைகள். ஒன்பதிலும் பதின்மூன்றிலும்.

"அவ மணி கேக்கல அக்கா. அட்டையில இருக்கிற கை இது இல்லன்னு அந்தக்கா கிட்ட சொல்லியிருக்கா. இந்தக் கை எங்க, கூட்டிட்டு வான்னு. நான் எடுக்கவச்ச போட்டோ. நான் சொல்லிக்குடுத்தது. ரெண்டு வருஷமா என் கையிலதான் குடுத்திருக்கா. அவ பிடிவாதம் பிடிக்கல. ஏங்கவும் இல்ல. அட்டையில என்ன இருக்கோ அதத்தான் செஞ்சா."

முக்கால் மணி நேரம் அத்தனை பேருக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். மற்ற எல்லாரும் அதைப் பாசம் என்று நினைத்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேலையைப் பதினான்கு துண்டாக வெட்டத் தெரிந்தவள், அதில் நான்கு துண்டில் தன்னையே வைத்து உறைபோட்டதைக் கவனிக்கவில்லை. நான் இதை எழுதும்போதே நினைத்துக்கொண்டேன்: கவனிக்க முடியாதுதான். நம் கை நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது?

[கடைசி வரி கொஞ்சம் பொன்மொழி வாடை அடிக்கிறது. இருக்கட்டும். எடுத்துப் பார்த்தேன், பத்தி நொண்டியது.]

7

திங்கட்கிழமை காலை டீச்சர் கேமராவோடு போனாள். விஷயத்தைச் சொன்னதும் மடிப்பு அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே. நான் மணி பத்தே முக்கால், பத்தே முக்கால்னு சொல்லிக்கிட்டே இருந்தனே. சரி, வாட்ச்தான பிரச்சினை? கழட்டிக் குடுங்க, நான் கட்டிக்கிறேன்."

"வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் கூடாது" என்றார் சூப்பர்வைசர். "டீச்சர் வெளியாளு, ஏதோ கண்டுக்காம விட்டேன். மெஷின்ல மாட்டுனா கை போயிடும்."

டீச்சரும் மறுத்துவிட்டாள். வாட்சை மட்டும் ஆயுசுக்கும் வேலைக்கு அனுப்பிவைக்க அவளுக்கு மனமில்லை. புதுப் படம் எடுப்பதென்று முடிவாயிற்று. மடிப்பு அக்கா கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங் கை போட்டோவுக்கு நல்லாவா இருக்கும்? சோப்புல ஊறி ஊறிச் சுருங்கிக் கெடக்கு."

"கைய கீழ" என்றாள் பெரியம்மா. "இன்னும் கீழ. ஆட்டாத."

"இது யாரு, ஸ்டூடியோகாரரா?"

"பேசாத. போட்டோ எடுக்குது."

நான்கு படமும் எடுத்தாயிற்று. மருத்துவமனை அலுவலகத்தில் அச்செடுத்து, உறைபோட்டு, பத்தரை மணிக்குள் வளையத்தில் கோர்த்தாயிற்று. பழைய நான்கு அட்டைகள் டீச்சரின் கையில் இருந்தன. பெரியம்மா அவற்றை வாங்கிப் பார்த்தாள்.

"டீச்சர் கை தப்பா?"

"தப்பில்லம்மா. டீச்சருக்கு வேற எடத்துல வேலை இருக்கு. இனிமே இந்த அக்கா கை."

பெரியம்மா கொஞ்ச நேரம் நான்காவது அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் தங்கையை எனக்குத் தெரியும், அந்த நான்கையும் அவள் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்து ஏதாவது ஒரு டப்பாவில் வைத்துக் காலமெல்லாம் காப்பாற்றியிருப்பாள்.

"பழசு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா நான்கையும் குப்பைத்தொட்டியில் போட்டாள். போட்டுவிட்டு மடிப்பு அக்காவைப் பார்த்து, "வா, நேரமாச்சு" என்றாள்.

அன்றும் செவ்வாயும் டீச்சர் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து விரிப்பு உதறும் சத்தம் மட்டும் கேட்டது. நோட்டில் திங்கட்கிழமைக்கு நேராகத் தூரம் எதுவும் இல்லை. "குப்பையில போட்டுட்டா" என்று மட்டும் இருக்கிறது.

8

புதன்கிழமை. மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே, தெருவைத் தாண்டி ஒரு பஸ் நிறுத்தம். டீச்சர் எட்டு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தாள். எட்டே காலுக்கு சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து கையசைத்துக் கூப்பிட்டார்.

"மடிப்பு அக்காவுக்குக் காய்ச்சலாம், வரல. மெஷின்காரரத்தான் மறுபக்கம் நிறுத்தப்போறேன். சொல்லிட்டு செய்யலாம்னுதான் வந்தேன்."

உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். அதிகம் பேசாத மனிதர், மண்வெட்டி போன்ற கைகள். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான். அந்த மோதிர விதியை அந்தக் கூடத்தில் யாரும் மீறாததற்கு அந்த விரல்தான் காரணம்.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. புது அட்டையில் இருப்பது மடிப்பு அக்காவின் கைகள். சோப்பில் ஊறிச் சுருங்கிய கைகள். ஒரு கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கையை வைத்ததுதான் அவள் செய்த திருத்தம். ஒரே தப்பை ஒரே வாரத்தில் இரண்டாம் முறையும் செய்திருக்கிறாள்.

"சார், நாளைக்கு வச்சிக்கலாமே. அந்தக்கா வந்துடட்டும்."

"டீச்சரம்மா, இங்க தினம் யாராவது ஒருத்தர் லீவுதான்."

"ரெண்டு நிமிஷம் உள்ள போய் அவகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். யார் கையா இருந்தாலும் குடுக்கலாம்னு. அவ்ளோதான்."

"நீங்க உள்ள போய்ச் சொல்லிட்டா அப்புறம் நான் எதப் பாக்கறது?"

டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

[இங்கே என் பாத்திரத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் நான் என்னை நன்றாகவே எழுதியிருந்தேன். "வேண்டாம், அவளை நம்பு" என்று நிதானமாகச் சொல்கிற அக்காவாக. தங்கை அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். உண்மையில் நடந்தது கீழே.]

"அக்கா, அந்த அழுக்குத்துணிக் கதவு தொறந்துதான் இருக்கு. ஓடிப்போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடட்டுமா?"

"போடி. யார் பாக்கப் போறாங்க? சட்டுனு போய்ட்டு வந்துடு."

"நீ போன வை" என்றாள்.

அவள் போகவில்லை. பன்னிரண்டு மணி வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஏழு பஸ்கள் அவளுக்காக நின்று, கதவு திறந்து, அவள் தலையாட்டியதும் மூடிக்கொண்டு போயினவாம். பதினொன்றரைக்கு அப்பாவின் வண்டி வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போகத் தயாராக, பின்சீட்டில் இருந்த கருவிப் பையைக் கீழே இறக்கி இடம் பண்ணிவைத்திருந்தார். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

9

உள்ளே என்ன நடந்தது?

முடிவு அ. மெஷின்காரர் கையை நீட்டுகிறார். பெரியம்மா அட்டையைப் பார்க்கிறாள், கையைப் பார்க்கிறாள். நிற்கிறாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு மெதுவாக இரண்டு முனைகளையும் அந்தப் பாதி விரல் கையில் வைக்கிறாள். [இசையெல்லாம் சேர்த்தால் அழுதுவிடலாம். நான் அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.]

முடிவு ஆ. அவள் நான்கு முனைகளையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, மேசையில் விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து, ஒற்றை ஆளாக மடிக்கிறாள். [சாத்தியம்தான். ஆனால் இது யாருமே தேவையில்லை என்று நிரூபிக்கும் கதை. எனக்கே இன்னொருவர் இல்லாமல் விரிப்பு மடிக்க வராது. அவளிடம் மட்டும் ஏன் அதைக் கேட்க வேண்டும்?]

முடிவு இ. அவள் மறுபடி நிற்கிறாள். பன்னிரண்டு மணிக்கு அப்பா எழுந்து தெருவைத் தாண்டி

[இதை முடிக்க முடியவில்லை. முடிக்கக் கூடாது என்பதில்லை. பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் முடிந்திருக்கிறது. டீச்சரின் பழைய நோட்டுகளில் பாதி இப்படித்தான் நின்றுபோகின்றன.]

மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகல் நான் அந்தச் சலவைக்கூடத்தின் பின்பக்கம் போனேன். சுவரோரம் ஒரு சிமெண்ட் மேடை. இளநீலச் சீருடையில், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

முக்கியமான இடங்களை மட்டும் வேகவேகமாக வாசித்துக் காட்டினேன். 'சிரிக்கவே மாட்டாள், முறைப்பாள்' என்ற இடத்தில் முறைத்தாள். மடிப்பு அக்காவை அதட்டிய இடத்தில் தலையை ஆட்டினாள். புதன்கிழமை வந்ததும் நிறுத்தினேன்.

"அன்னைக்கு மறுபக்கம் அவர் கைய நீட்டினாரே, அது அட்டையில இருக்கிற கை இல்லையே. நீ என்ன பண்ணின?"

"மடிச்சேன்."

"எப்படி?"

"நல்லா."

"அது தெரியுது கண்ணு. மொதல்ல அவர் கையப் பாத்ததும் என்ன நெனச்ச?"

அவள் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம்தான் பிரேக். முடிஞ்சிது."

எழுந்து கை கழுவப் போனாள். என்னிடம் மூன்று முடிவுகளும் அப்படியே இருந்தன, அவள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அந்தச் சமயம் மெஷின்காரர் பீடி பிடிக்க வெளியே வந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கா?" என்று யோசித்தார். "அது எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. நான் பதில் சொன்னேன். அப்புறம் மடிச்சோம்."

"என்ன கேட்டா?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அவர் வருவதற்காக மேசை அருகே நின்றிருந்தாள். வளையம் அவள் இடுப்பில் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை.

"அது எங்களுக்குள்ளங்க" என்றார், பற்றவைக்காத பீடியைச் சட்டைப் பையில் திருப்பிப் போட்டுக்கொண்டே. "வேலை பாக்குற எடத்துல பேசிக்கிறது. டீச்சரும் வந்து கேட்டாங்க. சொல்லல."

உள்ளே போய்விட்டார்.

ஆக, இதுதான் என்னிடம் இருப்பது. அப்பா இன்னும் தினம் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்து "நிக்குதா?" என்று கேட்கிறாராம். "ஓடுதுங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாராம். அந்தப் புதன்கிழமை எட்டே காலிலிருந்து பன்னிரண்டு வரை பெரியம்மாவுக்கும் மெஷின்காரருக்கும் நடுவில் நடந்தது எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததில் எனக்கு வருத்தம், என் தங்கைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வருத்தம்.

அந்தக் கேள்வியையும் பதிலையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சுடச்சுட ஒரு விரிப்பு, நான்கு முனைகள், இரண்டு பேர். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதும்போது கதவோரம் ஒருத்தி வந்து நின்று, ரெண்டே நிமிஷம், ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சுவாள். நன்றாகக் கெஞ்சுவாள், எனக்குத் தெரியும். உள்ளே விட்டுவிடாதீர்கள்.